வருகிறது, போகவில்லை

சென்ற ஞாயிறு மாலை, சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் மகனோடு வந்தார். “வாத்தியாரய்யா, இவனுக்குக் கடுதாசி வருது, இவன் அனுப்புறதுதான் போகமாட்டேங்குது” என்றார். கைப்பேசியைப் பார்த்தேன். வேலை விண்ணப்பம் மூன்று நாளாக ‘அவுட்பாக்ஸில்’ கிடந்தது. மறுநாளோடு தவணை முடிகிறது!

தபால்காரர் வீட்டுக்குக் கொண்டு வருவது ஒரு வழி, நாம் தபால் பெட்டியில் போடுவது வேறு வழி. மின்னஞ்சலும் அப்படித்தான். வரும் வழி ஐமேப், போகும் வழி எஸ்.எம்.டி.பி.

பையனுக்குப் பயிற்சிக் கல்லூரி தந்த முகவரி. செட்டிங்ஸில் ‘அவுட்கோயிங் சர்வர்’ பகுதியைத் திறந்தால், ‘போர்ட்’ எண் 25 என்றிருந்தது. 1982-இல் ஜோன் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது, அனுப்புகிறவர் யாரென்று கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே இல்லை. பிறகு குப்பை அஞ்சல் பெருகவே, பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்துவிட்டன. எண்ணை 587 ஆக்கி, பாதுகாப்பில் ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’ வைத்தேன். (சில இடங்களில் 465 கேட்பார்கள், அதற்கு எஸ்.எஸ்.எல்.) அப்படியும் போகவில்லை. அனுப்பும் பகுதிக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுக்க வேண்டும். பையன் அங்கே வெறுமையாக விட்டிருந்தான்!

ஜிமெயில் முகவரியை ஜிமெயில் செயலியிலேயே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விண்ணப்பம் ‘சென்ட்’ பெட்டிக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்தார்.