கல்லாப்பெட்டிக்கு எதுக்குய்யா பவுடர் பூச்சு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திட்டுதான். "மேக்ஓவர்" பண்ணுகிறேன் பேர்வழி என்று ஊரிலிருந்து வந்த பழைய பெட்டிக்கு முன்னால் பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்களே, மாதுங்காவிலிருந்து டோம்பிவிலி வரைக்கும் நம்ம மக்கள், அவர்கள் எல்லோருக்கும் பொதுவான திட்டு.

அந்தப் பெட்டி நம்மிடம் எப்படி வந்தது? பாகம் பிரிக்கும்போது வீடு பெரியவனுக்கு, வயல் சின்னவனுக்கு. பம்பாயில் இருப்பவனுக்கு, "நீ ஞாபகத்துக்கு இதை எடுத்துட்டுப் போப்பா" என்று ஒரு பெட்டி. ஆக, தாத்தா சொத்தில் நம் கைக்கு வந்தது அது ஒன்றுதான். அதன் மேல் இளநீல பெயிண்ட் அடித்து, ரோஜாப்பூ போட்ட பேப்பர் நாப்கினை ஒட்டினால் எனக்குக் கோபம் வருமா வராதா?

தெரிந்த வீடு ஒன்றில் இது நடந்தது. தேக்குக் கல்லாப்பெட்டி. மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை, காசு போட மூடியில் துவாரம், உள்ளே சின்னச் சின்னக் குழிகள். 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்னால் அணா, அரையணா, காலணா எல்லாம் தனித்தனியாகக் கிடந்த குழிகள் அவை. அடியில் ஒரு ரகசிய அறை வேறு. (இருபது வருஷமாக பேங்கில் கேஷ் பார்க்கிறேன், இத்தனை அழகான கேஷ் பாக்ஸ் எங்களிடம் கிடையாது!) உள்மூடியில் பிள்ளையார் சுழி, "லாபம்" என்று ஒரு வார்த்தை, பென்சிலில் ஏதோ பற்று வரவு, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தின் கறை. இப்போது அங்கே சிவப்பு வெல்வெட் ஒட்டியிருக்கிறது. "உள்ளே ஒரே அழுக்கா இருந்துச்சு சார்" என்றார்கள். எழுதியவர் கையெழுத்து வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா? அந்த சாக் பெயிண்ட் சமாச்சாரத்தை 1990இல் ஆனி ஸ்லோன் என்ற அம்மணி கொண்டுவந்தார். பாலிஷைச் சுரண்டாமலேயே நேராக மேலே அடித்துவிடலாம் என்பதுதான் அதன் வசதி. அடித்து முடித்தபின் ஓரங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். எதற்கு? பழசு மாதிரி தெரிவதற்கு! ஏற்கனவே நிஜமாகப் பழசாக இருந்ததை மூடிவிட்டு, பொய்யாகப் பழசாக்குவது. எங்கள் கணக்கு பாஷையில் இதற்கு வேறு பெயர் உண்டு, வேண்டாம் விடுங்கள்.

விலைக் கணக்குக்கே வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும், இங்கே சோர் பஜார் மட்டன் தெருவிலும் பழைய மரச் சாமான் விற்பவர்களைக் கேளுங்கள். எவரோ அடித்த எனாமலைச் சுரண்டி எடுப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேலை. அந்தக் கூலியும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை சொல்வார்கள். நாமோ காசு கொடுத்து எனாமல் அடிக்கிறோம்.

"ஹாலுக்கு மேட்ச் ஆகலையே" என்பார்கள். மேட்ச் ஆக வேண்டுமானால் கடையில் பிளைவுட் பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கி மயில் வரையுங்கள், குயில் வரையுங்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பிழிந்த துணியால் துடையுங்கள். பஞ்சில் துளி ஸ்பிரிட் எடுத்து அடிப்பக்கம் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ், தெரிந்த ஆசாரி அதன் மேலேயே மறுபடி பாலிஷ் ஏற்றித் தருவார். இல்லாவிட்டால் தேன்மெழுகு போதும். பித்தளைக்குப் புளி போடும்போது ஜாக்கிரதை, சாறு மரத்தில் இறங்கினால் கறை. பெட்டியடியில் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதற்கு மருந்து. பெயிண்ட் அடித்து ஓட்டையை மூடினால் அது பாட்டுக்கு உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

தகர ட்ரங்க் பெட்டி மட்டும் வேறு கேஸ். அது பெயிண்டோடு பிறந்தது, துரு பிடித்தால் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் குழந்தைகள் விளையாடும் ஹாலில் உட்கார்ந்து உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்காதீர்கள். பால்கனிக்குக் கொண்டுபோய், தண்ணீரில் நனைத்து, அதற்கென்று இருக்கும் தாளால் தேய்த்து, அந்தச் சகதியை ஒரு துணியில் வழித்துக் கட்டிப் போடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு தங்கமணி கேட்டது: "அப்போ பரண் மேல இருக்கற எங்கப்பா ட்ரங்க் பெட்டிக்குக் கலர் அடிக்கலாம்தானே?"

அடிக்கலாம். மூடியில் மாமனார் பெயர் எழுதியிருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு.