முதலில் தாள், பிறகு காமிரா!

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் கல்லூரி மாணவர்கள் இப்போது பாட்டுப் படம் எடுக்கிறார்கள். அதற்கு 'ஆல்பம்' என்று பெயர். ஒரு பாட்டு; அதற்கு ஏற்ற காட்சிகள். நல்ல பயிற்சிதான். குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால், வேலையை எங்கே தொடங்குகிறார்கள்? அங்கேதான் கோளாறு!

"எந்தக் காமிராவை வாடகைக்கு எடுக்கலாம்? டிரோன் கிடைக்குமா? எந்த மலைக்குப் போகலாம்?" முதல் நாளே இந்தப் பேச்சு. "கதை என்ன?" என்று கேட்டால், "காதல் தோல்வி, சார்!" என்று பதில் வருகிறது. கதாநாயகன் மழையில் நடப்பான். கதாநாயகி திரும்பிப் பார்ப்பாள். இதற்காகத் தகப்பனார் கடன் வாங்கிப் பணம் கொடுக்க வேண்டும்!

கணக்குப் போடுங்கள்

நான்கு நிமிஷப் பாட்டு என்றால் 240 விநாடி. மூன்று விநாடிக்கு ஒரு ஷாட் வைத்தால் 80 ஷாட். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் 800 நிமிஷம் ஆகிறது. அதாவது, 13 மணி நேரத்துக்கு மேல்! சாப்பாடு, பயணம் எதுவும் இதில் சேரவில்லை.

காமிராவையோ மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மீதிப் பாட்டுக்கு என்ன செய்வது? எடுத்த ஷாட்டையே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியதுதான்.

சந்தும் டிரெட்மில்லும்

1965-ல் பாடகர் பாப் டிலன், லண்டன் சவாய் ஓட்டலுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் நின்றார். பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போட்டார். காமிரா நகரவே இல்லை. பென்னிபேக்கர் என்ற டைரக்டர் எடுத்த 'டோன்ட் லுக் பேக்' என்ற படம் (1967) இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது.

2006-ல் 'ஓகே கோ' என்ற அமெரிக்க இசைக்குழுவினர், எட்டு டிரெட்மில் இயந்திரங்கள் மேல் ஆடினார்கள். ஒரே ஷாட். அதற்கு 2007-ல் 'கிராமி' பரிசு கிடைத்தது. காமிராவைத் தொடும் முன்பே, யார் எப்போது எந்த இயந்திரத்துக்குத் தாவ வேண்டும் என்று ஒத்திகை பார்த்து முடிவு செய்திருந்தார்கள்.

கதையை ஒரு வரியில் எழுதுங்கள்

யார்? அவருக்கு என்ன வேண்டும்? பாட்டு முடியும்போது என்ன மாறியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுத வேண்டும்.

உதாரணமாக, "முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் செருப்பு வாங்கப் போகிறாள் ஒரு பெண்." இந்த வரி கிடைத்ததும் படத்தின் பாணியும் கிடைத்துவிடுகிறது. காமிரா தரையோடு இருக்கட்டும். பஸ்ஸில் கால்கள், கடைத் தெருவில் கால்கள், சமையலறையில் தாயின் வெடித்த பாதம். எல்லாம் மங்கிய நிறம். செருப்பு மட்டும் சிவப்பு. கடைசி வரியில்தான் காமிரா நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்க்கிறது. டிரோன் எதற்கு? மலை எதற்கு? கைப்பேசியே போதும்!

பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி பிரியுங்கள். ஒன்றில் பாட்டின் விநாடிக் கணக்கு. மற்றொன்றில் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது. பாட்டில் நிலா வந்தால் திரையிலும் நிலா வர வேண்டும் என்பதில்லை. காது கேட்டதையே கண்ணும் பார்ப்பதில் என்ன லாபம்?

கல்லூரிகளுக்கும் ஒரு யோசனை. இந்தத் தாளைக் காட்டாத மாணவருக்குக் காமிரா கொடுக்காதீர்கள். மார்க்கில் பாதியைத் தாளுக்கே கொடுங்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அப்போது சமமாகப் போட்டியிடலாம்.

மாணவர்களே, பணம் கேட்பதற்கு முன் அந்த ஒரு வரியைத் தகப்பனாரிடம் படித்துக் காட்டுங்கள். அவர், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் படம் எடுக்கப் புறப்படுங்கள். "எவ்வளவு செலவாகும்?" என்று மட்டும் கேட்டால், இன்னொரு தாளை எடுத்து மறுபடியும் எழுதுங்கள்.