மேஜையில் ஓடும் ஆறு

இரண்டு பக்கமும் மரம், நடுவில் நெளிந்து ஓடும் நீல ஆறு. 'ரிவர் டேபிள்' என்று ஒரு சமாசாரம். படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆறு கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் பெரும்பாலும் எபாக்ஸி ரெஸின். உடைந்த பீங்கான் கப்பை ஒட்ட இரண்டு ட்யூபைப் பிதுக்கிக் கலக்குகிறோமே அரால்டைட், அதற்குப் பெரியப்பா பிள்ளை.

இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து கிரெக் கிளாஸன். தன் ஊர்ப்பக்கம் ஓடும் நூக்ஸாக் ஆற்றைப் பார்த்து, நிஜமாகவே நீலக் கண்ணாடியை வளைத்து வெட்டிப் பதித்தார். வெட்டுவதைவிட ஊற்றுவது சுலபம் என்று மற்றவர்கள் ரெஸினுக்குத் தாவினார்கள்.

மரத்தின் இயற்கை ஓரத்தைச் சீவாமல் விடுவது இன்னும் பழசு. அதில் மன்னர், அதே மாநிலத்தில் பிறந்த ஜார்ஜ் நகஷிமா. (1930-களின் கடைசியில் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட வந்திருந்தவர்.) விரிசலை மறைக்கமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பிடித்து வைப்பார்.

சரி, ஊற்றுவது சுலபமா?

முதலில் மரம் காயவேண்டும். அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. சூளையில் வைத்தால் சீக்கிரம் முடியும். எப்படியானாலும் ஈரம் 10 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் இறங்கியாக வேண்டும். ஈர மரத்தில் ஊற்றினால், மரம் பின்னால் சுருங்கும், ரெஸின் கூடவே சுருங்காது. கரைக்கும் ஆற்றுக்கும் விவாகரத்து!

பட்டையை உரித்து, பெட்டி போல ஓர் அச்சு செய்து, உள்ளே பார்சல் டேப் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேஜை அச்சோடு சேர்ந்தே வரும். மூலைகளில் ஒழுகாமல் ஸிலிகான். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மரத்தை க்ளாம்ப் போட்டு அழுத்த வேண்டும். மறந்தால் ஆற்றில் கரை மிதக்கும்.

ஆறடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம் என்றால் கிட்டத்தட்ட 18 லிட்டர் ரெஸின். இதில் ஹார்டனரைக் கலந்ததும் சூடு பிறக்கும். மெல்லிசாக ஊற்றினால் வெளியேறிவிடும். கனமாக ஊற்றினால் உள்ளேயே தங்கி, சூடு வினையை விரட்ட, வினை சூட்டை ஏற்ற... மஞ்சளாகி, விரிசல் விட்டு, சில சமயம் புகையே வரும். அதனால் மெதுவாக இறுகும் ரகமாக வாங்கி, டப்பாவில் போட்ட ஆழத்துக்கு மேல் ஊற்றாமல், இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் மகா கஷ்டம்.

அப்புறம் ரவுட்டரால் மட்டப்படுத்தி, உப்புத்தாளில் 80-ல் ஆரம்பித்து 120, 180, 220 என்று ஏறித் தேய்த்து, கடைசியில் எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு.

இதில் யாரும் போட்டோ எடுக்காத பகுதி ஒன்று உண்டு. செய்கிறவரின் கை. இறுகாத ரெஸினும் ஹார்டனரும் தோலில் படப்பட, உடம்பு ஒருநாள் 'போதும்ப்பா' என்று சொல்லிவிடும். அலர்ஜி. வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அப்புறம் துளி பட்டாலே சிவந்து அரிக்கும். கற்றுக்கொண்ட தொழிலையே விடவேண்டி வரலாம். சரியாக இறுகுவதற்குள் தேய்த்தால் பறக்கும் தூளும் அதே ஆபத்துதான். நைட்ரைல் கையுறை, முகமூடி, காற்றோட்டம் எல்லாம் மேஜை விலைக்கு முன்னால் கொசுறு. "கிரகப்பிரவேசத்துக்குள்ள வேணும், சீக்கிரம் முடிச்சுக் குடுப்பா" என்று நாம் நச்சரிக்கிறோமே, அந்த அவசரம் போய் உட்காருவது அவர் தோலில்.

வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் பட்டால் ஆறு மஞ்சளாகும், ஜன்னலோரம் போடாதீர்கள். சாதாரண ரெஸின் 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். கொதிக்கிற ரசத்தை அப்படியே இறக்காதீர்கள். லட்ச ரூபாய் ஆற்றங்கரை ஆனாலும் பிரிமணை வேண்டும்!