தாதியர் கடல் கடக்கும்போது

தாதியர் வெளிநாடு செல்வதை ‘நாட்டைக் கைவிடுதல்’ என்று சிலர் ஏசுகின்றனர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைவாசி ஏறிய வேகத்தில் சம்பளம் ஏறவில்லை.

பல காலமாக எமது பெண்கள் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் இருந்தது கடவுச்சீட்டு மட்டுமே. பலரிடம் அதையும் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். தாதியோ மூன்று வருடப் பயிற்சியோடு செல்கிறார். பிரித்தானியாவுக்கு என்றால் ஆங்கிலப் பரீட்சையிலும் தொழில்சார் பரீட்சைகளிலும் சித்தியடைய வேண்டும். அது உழைத்துப் பெற்ற தகுதி.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கடந்த வருடம் எங்கள் உம்மும்மா வைத்தியசாலையில் இருந்தார். இரவில் வலி எங்கே என்று கேட்ட தாதிக்குத் தமிழ் தெரியாது. உம்மும்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரே மொழிபெயர்த்தார். தமிழ் பேசும் தாதி ஒருவர் இருந்தாராம். முந்திய மாதம்தான் கட்டாருக்குப் போய்விட்டாராம்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருடைய இடத்துக்கு இன்னொருவர் ஏன் இல்லை என்பதே என் கேள்வி. பெண் நோயாளிக்குப் பெண் தாதி வேண்டும் என்கிறோம். எமது பிள்ளை விண்ணப்பிக்க நினைத்தால் ‘இரவு வேலை சரிவராது’ என்கிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அகழ் யுத்தத்தின்போது காயப்பட்டோரைக் கூடாரத்தில் வைத்துப் பராமரித்தவர் ருபைதா (ரலி) என்ற பெண்மணியே.

போகிறவரைத் தடுப்பது தீர்வல்ல. சம்பளத்தைச் சீர்செய்வது அரசின் கடமை. மகளைத் தாதியர் கல்லூரிக்கு அனுப்புவது எமது கடமை.

தோழியரே, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நான் விண்ணப்பிக்கப் போகிறேன். உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.