நொண்டி மாடும் பத்து சர்வரும்

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, அதை எதுக்கு நோண்டணும்?" சர்வர் அறைகளின் தாரக மந்திரம் இது. சோம்பேறித்தனத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்தால் இப்படித்தான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்தால் கிளஸ்டர். அதில் ஓடும் மெய்நிகர் கணினிகள் நிற்காமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவேண்டும். தாவிய இடத்தில் "நேத்து இருந்த கட்டளை இங்க இல்லையே" என்று முழிக்கக் கூடாது. அதனால் இருப்பதிலேயே பழைய பிராசசருக்குத் தெரிந்ததை மட்டும் காட்டிவிட்டு மீதியை மறைத்துவிடுவார்கள். விஎம்வேரில் 2008-ல் வந்த இந்த வசதிக்குப் பெயர் ஈவிசி. ஓவிர்ட்டில் கிளஸ்டர் சிபியு டைப். நல்ல ஏற்பாடுதான். நொண்டி மாடு பூட்டிய வண்டி அதன் வேகத்தில்தான் போகும்.

ஆனால் நொண்டி மாட்டை விற்ற பிறகும் அதே வேகமா?

பழைய சர்வர் காயலான் கடைக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும். செட்டிங் மட்டும் அதே தலைமுறையில் நிற்கும். 2013-ல் இன்டெல் ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2-க்குக் காசு கொடுத்தாயிற்று, தேய்மானமும் எழுதியாயிற்று. பயன் மட்டும் பூஜ்யம். வீட்டை வாங்கி மாடியைப் பூட்டி வைக்கிற கணக்கு இது.

வேகம் மட்டும் போனால் பரவாயில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியாகின. ஸ்பெக்டரின் ஒரு வகைக்கு இன்டெல் மைக்ரோகோட் வழியாகப் புதிய தடுப்புகளைக் கொடுத்தது. அவை மெய்நிகர் கணினியின் கண்ணுக்கே தெரியாவிட்டால், உள்ளே ஓஎஸ்ஸுக்கு பேட்ச் போட்டும் அவற்றைப் பயன்படுத்த முடியாது. பூட்டு வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதை. மென்பொருள்களும் காத்திருப்பதில்லை. 2021-ல் வந்த மாங்கோடிபி 5.0-க்கு இன்டெல் சிப்பில் ஏவிஎக்ஸ் வேண்டும். 2025-ல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 10-க்கு ஏவிஎக்ஸ்2-வும் வேண்டும். அப்போது "புது சர்வர் வாங்கணும் சார்" என்று கொட்டேஷன் நீட்டுவார்கள். புதுசுதான் ஏற்கெனவே இருக்கிறதே, முகமூடியைக் கழற்றினால் போதாதா?

மாற்றுகிறவர்களிலும் ஒரு கோஷ்டி உண்டு. செட்டிங்கை உயர்த்திவிட்டு "முடிஞ்சது" என்று டீ குடிக்கப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினி பழைய முகமூடியோடுதான் ஓடும். உள்ளேயிருந்து ரீஸ்டார்ட் செய்தாலும் பொதுவாகப் போதாது. முழுசாக பவர் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யவேண்டும். அதைச் செய்யாதது, பணம் வராமலே ரசீது போட்டதற்குச் சமம்.

"உயர்த்திட்டா அப்புறம் பழைய சர்வரைச் சேர்க்க முடியாதே?" உண்மைதான். கீழே இறக்கவும் மெய்நிகர் கணினிகளை அணைக்கவேண்டி வரும். பழைய சர்வர் இன்னும் கிளஸ்டரில் இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள், அதுவரை கை வைக்காதீர்கள். அது ஏற்கெனவே போய்விட்டதென்றால் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் அணைக்கச் சொல்லவில்லை. மாதாந்திரப் பராமரிப்பில் நாலு நாலாகச் செய்யலாம்.

விற்ற மாட்டுக்கு இன்னும் புல் வாங்கிப் போடுவதை எந்தக் கணக்குப் புத்தகமும் சிக்கனம் என்று எழுதாது.