துட்டி வீட்டில் ஒரு வாளி

சென்ற ஆண்டு என் சக பேராசிரியர் ஒருவரின் தந்தையார் காலமானபோது, மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் இரங்கல் குறிப்பு எழுதி என்னிடம் காட்டினார். இறந்தார் என்னுமிடத்தில் 'கிக் த பக்கெட்' என்று இருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், வாளியை உதைத்தார். அகராதிப்படி இறத்தல்தான் பொருள், அவ்வகையில் பிழையில்லை. ஆனால் அது நம் 'மண்டையைப் போட்டார்' என்பதற்கு நிகரான பேச்சு.

மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனனம் செய்யவைத்து, பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறவர்கள் நாம்தாமே.

இதே தொடரைக் கற்கும் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. அவர் மொழியில் இறப்பைக் கேலியாகச் சொல்ல 'தன் சுங்கானை உடைத்தார்' என்பார்கள். வாளிக்கும் புகைபிடிக்கும் சுங்கானுக்கும் உறவில்லை. எனினும் எங்கே சொல்லலாம், எங்கே வாய்மூட வேண்டும் என்பது அவருக்குத் தாய்மொழியாலேயே பிடிபட்டுவிடும்.

உருவ ஒற்றுமையோ ஏய்க்கவும் செய்யும். கைகழுவுதல் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் உண்டு. விவிலியத்தின் பிலாத்து நினைவுக்கு வருவான். 'எனக்கு இதில் பொறுப்பில்லை' என்பது அதன் கருத்து. நாமோ ஆளையே கைகழுவுகிறோம். அதற்கும் ஒருபடி மேலே தலைமுழுகுதல். குறுக்குத்துறைப் படித்துறையில் அது வெறும் ஆற்றுக்குளியல். வீட்டுக்குள் 'அவனைத் தலைமுழுகியாச்சு' என்றால், உயிரோடிருப்பவனுக்குச் சாவுத்தீட்டுக் கழித்தாயிற்று என்று அர்த்தம். மூன்றையும் 'கைவிடுதல்' என்று ஒரே பொருளில் அடைக்கிற கையேடு யாருக்கு உதவும்?

இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றை நன்னூல் தகுதி வழக்கு என்று வகுத்தது. இடமும் ஆளும் அறிந்து சொல்லும் தகுதியைப் பற்றிய அவ்விலக்கணத்தைத் தமிழ் வகுப்பில் நடத்திவிட்டு, அடுத்த அறையின் ஆங்கில வகுப்புக்கு அது தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம். போதாததற்கு, புதுமைப்பித்தன் கதையில் நெல்லைப் பேச்சைச் சிலாகிக்கும் நாமே, அது மாணவர் ஏட்டில் வந்தால் கொச்சை என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். பிரெஞ்சுக்காரருக்குக் கைகொடுத்த தாய்மொழிப் பாலத்தை, நம் பிள்ளைகள் ஏறுமுன் நாமே உடைத்துப்போடுகிறோம்.

அந்த மாணவரிடம் கேட்டேன்: "துட்டி வீட்டுல போயி, மண்டையப் போட்டுட்டாருன்னு சொல்லுவியாடே?"

"அடிக்க வந்துருவாங்க சார்" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி வாளியை அவரே அடித்தார்.