முகத்தில் படர்ந்த செந்நிறம்

ஆயிரம் சிசுக்களில் ஏறக்குறைய மூவருக்கு, பிறக்கும்போதே முகத்திலோ கழுத்திலோ திராட்சை ரசம் சிந்தியதுபோல் படர்ந்திருக்கும் ‘போர்ட் வைன்’ மச்சம், புற்றுநோய் அன்று; தொற்றும் அன்று; தாய் கிரகண காலத்தில் வெளியே வந்ததால் விளைந்ததும் அன்று. கரு வளரும் பருவத்தில் ஒரு மரபணுவில், உடலின் ஒரு பகுதியில் மாத்திரம் நேரும் பிழையே பெரும்பாலும் காரணம் என்பது 2013-ல் தெளிவாயிற்று.

தீங்கற்றது என்பதனாலேயே சிகிச்சை வேண்டாதது என்று முடிவுகட்டி, லேசர் செலவை அழகுக்கான செலவென்று ஒதுக்கும் மனோபாவம் எனக்குச் சற்றும் சம்மதமில்லை. வயது ஏற ஏற நிறம் கருத்து, தோல் தடித்து, சிறு கட்டிகள் எழும்பி, லேசாக உராய்ந்தாலும் குருதி கசிவதைக் காண்பவர் எவரும் இதை அலங்கார விஷயம் என்று சொல்லத் துணியமாட்டார். நெற்றியிலும் இமையிலும் படர்ந்ததாயின், கண்ணழுத்த நோயும் வலிப்பும் உடன் வரக்கூடும்.

1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த தத்துவத்தின்படி, ரத்தத்தின் செம்பொருள் விசேஷமாக ஈர்க்கும் 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளியை, ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் பாய்ச்சினால், மேல்தோல் கருகாமல் உள்ளே விரிந்த நாளங்கள் மாத்திரம் வெந்து அடங்குகின்றன. சிகிச்சை முடிந்த கையோடு, ஒளி பட்ட இடமெல்லாம் கருநீல வட்டங்கள் தோன்றி ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்; முன்னிலும் மோசமாகிவிட்டதே என்று பதறப்போகும் தாய்க்கு அதை முன்கூட்டியே சொல்லாத வைத்தியர் கடமை தவறியவரே. பல தடவை செய்த பின்னும் முற்றாக மறைவது சிலருக்கே, மங்குவது பலருக்கு. தோல் மெல்லியதாயிருக்கும் சிசுப் பருவத்தில் தொடங்கினால் பலன் கூடுதலாதலால், அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் குழந்தையின் முதல் வருஷத்திலேயே இச்செலவை ஏற்க வேண்டும்.